சிவப்பு அட்டை

மாநாட்டு ஏற்பாட்டில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்தேன். பெரம்பலூர்க் கல்யாண மண்டபத்தில் மனித உரிமை ஆர்வலர்கள் மாநாடு. சாப்பாட்டுக்கூடம் சிறியது, அதனால் இரண்டு பந்தி. விருந்தினருக்குச் சிவப்பு அட்டை, கிராமங்களிலிருந்து வருபவர்களுக்கு வெள்ளை அட்டை. ஒவ்வொன்றிலும் அவரவர் பெயர். எல்லாம் என் திட்டம்தான்.

காலையில் அரியலூர்ப் பக்கத்திலிருந்து வந்த செல்வி அக்கா பேசினார். கோயில் விருந்தில் தங்கள் தெருக்காரர்களைக் கடைசிப் பந்தியில்தான் உட்கார வைக்கிறார்கள் என்றார். பலமாகக் கைதட்டியது நான்தான்.

மதியம் சாப்பாட்டுக்கூட வாசலில் அவரை நானே நிறுத்தினேன். "வெள்ளை அட்டைக்கு அடுத்த பந்திங்க. கொஞ்சம் இருங்க."

அவர் கோபப்படவில்லை. "எங்க ஊர்லயும் இதத்தான் சார் சொல்லுவாங்க. என்ன, அங்க அட்டை குடுக்க மாட்டாங்க."

"தப்புதாங்க்கா, உள்ள வாங்க" என்றேன்.

"நான் மட்டுமா?" என்று கேட்டு, பின்னால் வரிசையில் நின்ற வெள்ளை அட்டைக்காரர்களைக் காட்டினார். கதவை முழுதாகத் திறந்துவிட்டேன்.

இன்றும் மாநாடு என்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நன்றாகவே நடத்துகிறேன், எல்லாருக்கும் ஒரே நிற அட்டையோடு. பழைய சிவப்பு அட்டை ஒன்றை மட்டும் மேசைமேல் வைத்திருக்கிறேன். அதில் இருப்பது என் பெயர்.