கோபுரப் பேனை

சண்டை ஓய்ந்திருந்த சமாதான காலத்தில், வெளிநாட்டுக்குப் போயிருந்த எங்கட சனம் தீவுக்கு வந்து போகத் தொடங்கியிருந்தது. புங்குடுதீவில் என்னோடு படிப்பித்த சங்கீத டீச்சருக்குப் பாரிசிலிருந்து வந்த தமையன் ஒரு பேனை கொண்டுவந்து கொடுத்தார். அவ நயினாதீவிலிருந்து லோஞ்சுப் படகில் வருகிறவ. அன்று ஆசிரியர் அறையில் கதிரையில் இருக்க முதலே பெட்டியைத் திறந்து காட்டினா.

கருநீல உடலைச் சுற்றி வெள்ளியில் தூண்களும் கூரிய வளைவுகளும். மூடி ஒரு கோபுரம். பிரான்சில் ஒரு பழைய மாதா கோயிலைப் பார்த்துச் செய்ததாம். கொஞ்சப் பேனைதான் செய்தவையாம். ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கம் வெட்டியிருக்காம்.

எனக்கு வயிறு எரிந்தது. நான் ஊர்காவற்றுறை வேதக்காரி. எங்கட மாதா கோயில் சைவக்காரியான அவவின்ர கையில் இருந்தது. போதாததற்கு அவவின் எழுத்து கோழி கிளறின மாதிரி. பள்ளிக்கூடத்தில் சான்றிதழ் எழுதுகிறது நான், அதுவும் ஒரு சீனப் பேனையால்.

"உது பேனையோ, தேரோ?" என்று பக்கத்து டீச்சரிடம் மெல்லக் கேட்டேன். அவவுக்குக் கேட்டிருக்கும். பெட்டியை மூடி வைத்தா.

பரிசளிப்பு விழா வந்தது. "இந்த முறை சான்றிதழை அந்தப் பேனையால எழுதுவம்" என்றார் அதிபர். அவ தயங்கினா. பிறகு பெட்டியோடு என்னிடம் நீட்டினா.

"கவனமா வைச்சிரும். அண்ணை கேட்பார்."

வீட்டுக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டு எழுதிப் பார்த்தேன். கையில் வைத்திருக்க நல்ல சுகம். ஆனால் நிப் முனை தடிப்பு. 'ணை' எழுதினால் சுழியெல்லாம் மையால் அடைபட்டது. 'ழ' கறுப்புப் பொட்டாய் நின்றது. எனக்குச் சந்தோசம் வந்தது. மறைக்கவில்லை, தனியே இருந்து சிரித்தேன். எல்லாச் சான்றிதழையும் சீனப் பேனையாலேயே எழுதி முடித்தேன்.

அடுத்த நாள் பேனையைத் திருப்பிக் கொடுத்து அவவிடம் சொன்னேன்: "உம்மட பேனையால தமிழ் எழுத ஏலாது."

"ஓம், எனக்கும் தெரியும்" என்றா அவ. "அதுதான் கையெழுத்து மட்டும் வைக்கிறனான்."

விழாவில் அதிபர் ஒரு சான்றிதழை உயர்த்திக் காட்டினார். "பாரிசுப் பேனையின்ர எழுத்தைப் பாருங்கோ. என்ன வடிவு."

சனம் கைதட்டியது. என் முகம் சுட்டது. நான் எழும்ப முதல் அவ எழும்பிவிட்டா.

"சேர், அது என்ர பேனையால எழுதினதில்லை. டீச்சர் தன்ர பேனையால எழுதினவ."

அதிபர் சிரித்தார். "இவ்வளவு பெரிய பேனை வைச்சிருந்தும் என்ன பணிவு." மறுபடியும் அவவுக்கே கைதட்டல்.

அவ பொய் சொல்லியிருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். உண்மையைச் சொல்லி அந்தப் பேரையும் வாங்கிக்கொண்டா.

அடுத்த வருசம் கலியாணம் முடித்துப் பிரான்சுக்குப் போய்விட்டா. குறிகட்டுவான் துறையில் வழியனுப்பும்போது அழுதேன். அதுவும் உண்மைதான். அந்த ஆண்டு விழாவுக்கும் நானே எழுதினேன், அதே சீனப் பேனையால். ஒரு தாய் மகனின் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னா:

"எழுத்து முந்தின மாதிரி இல்லை டீச்சர். அந்தப் பேனையும் போயிட்டுதல்லோ."