மூன்று விரல் வாய்

உக்கடம் பக்கத்துச் சந்து ஒன்றில் கரீம் பாய்க்குப் பாக்குக் கடை. கல்யாணம் வைத்தவர்கள் வெள்ளகோவிலிலிருந்துகூட பஸ் ஏறி அவரைத் தேடி வருவார்கள். வருகிறவர் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தால் கடைக்காரரும் கூடவே போட வேண்டும். அதுதான் மரியாதை. தான் மெல்லாமல் அடுத்தவருக்கு நீட்டினால் சரக்கில் ஏதோ கோளாறு என்று நினைத்துவிடுவார்கள். கரீம் பாயோ மரியாதைக்கென்றே பிறந்த மனுஷர். வந்தவர்களுக்கெல்லாம் குறையில்லாமல் மென்றார்.

கடையில் பேர்போன சரக்கு வாசனைப் பாக்கு. சீவலை நெய்யில் வறுத்து, கிராம்பும் ஏலமும் சேர்த்துச் செய்வது. அது அவர் மனைவி மெஹராஜின் கைப்பக்குவம். வீட்டுச் சமையலறையில் வறுத்து, ஒவ்வொரு ஈட்டுக்கும் தானே வாயில் போட்டுப் பதம் பார்த்துத்தான் கடைக்கு அனுப்புவாள். சிரித்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறவள். என்ன அடக்கமான பெண் என்று சொந்தக்காரர்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்கள்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் ஒரு நிக்காஹ் விருந்தில்தான் கரீம் பாய்க்கு விஷயம் உறைத்தது. பிரியாணிக் கவளம் வாய்க்குள் போகவில்லை. உதட்டில் இடித்துத் திரும்பி வந்தது. போன கொஞ்சமும் தணலாக எரிந்தது. பக்கத்து இலைக்காரர் பார்ப்பதற்குள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அவருடைய வாப்பாவின் தம்பி, சின்னத்தா அப்துல் வஹீது, கன்னத்தில் புற்று வந்து, மூக்கில் குழாயோடு கிடந்து போனவர். கடைசி நாட்களில் அவர் வாயிலிருந்து வந்த வாடையை நினைத்தாலே கரீம் பாய்க்கு ஈரக்குலை நடுங்கும். ஆள் என்ன செய்தார் என்றால், வீட்டுக் கண்ணாடியைப் பார்ப்பதை விட்டுவிட்டார். பார்க்காவிட்டால் இல்லை என்று ஆகிவிடுமா? பயந்த மனசுக்கு அவ்வளவுதான் கணக்கு.

கடைவாய்ப் பல் வலி தாங்காமல் ஒருநாள் பல் டாக்டரிடம் போக வேண்டியதாயிற்று. சின்னக் கண்ணாடியை உள்ளே விடப் பார்த்த டாக்டர், வாய் போதிய அளவு விரியாததைக் கண்டு கையை எடுத்துக்கொண்டார். "உங்க விரலை நிறுத்தி வாய்க்குள்ள விடுங்க பாக்கலாம்" என்றார். நல்ல வாய்க்கு மூன்று விரல் ஒன்றன் மேல் ஒன்றாக நின்று நுழையுமாம். கரீம் பாய்க்கு இரண்டே போதும் போதும் என்றது.

"பாக்கு போட்டுப் போட்டுக் கன்னத்துச் சதை நாராட்டம் இறுகிப் போச்சுங்க. பாக்கை இன்னியோட விடோணும். மருந்து தாரேன். இது சில பேருக்குப் புற்றாவும் மாறும். சதை கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்போணும்."

வீட்டுக்கு வந்து மெஹராஜிடம் சொன்னார். அவள் அழவில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாளிலிருந்து வீட்டில் மிளகாய் நின்றுபோனது. தயிர்விட்டுக் குழையப் பிசைந்த சோறு அவருக்கும் அதுதான், அவளுக்கும் அதுதான்.

"நீ எதுக்கு இதைத் திங்கறே? உனக்குன்னு காரமா ஏதாச்சும் ஆக்கிக்கயேன்."

"நீங்க இப்படிச் சாப்புடறப்ப எனக்கு மட்டும் எப்படிங்க எறங்கும்?"

கரீம் பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனைவி கிடைக்க என்ன புண்ணியம் செய்தோம் என்று நினைத்துக்கொண்டார்.

பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் செங்கோட்டையன் பழைய வாடிக்கை. பாக்கு எடுக்க வந்தவர், கடைக்காரர் தன்னோடு சேர்ந்து மெல்லாததைப் பார்த்துவிட்டு விடாமல் கேட்டார். விஷயம் தெரிந்ததும் செங்கோட்டையன் சொன்னார்:

"ஏனுங்க பாய், நம்மூர்ல யோகா கிளாஸ் நடக்குதுங்க. அதுல சிங்க முத்திரைன்னு ஒண்ணு இருக்குது. வாயை ஆன மட்டும் தொறந்து நாக்கை நீட்டறது. உங்களுக்குன்னே வெச்சாப்புல இருக்குது. வாங்க."

கரீம் பாய் டாக்டரைக் கேட்டார். "வாயை விரிக்கற பயிற்சி எதுவும் நல்லதுதான். அதை நம்பிப் பாக்கைத் தொட்டீங்கன்னாலோ, என்கிட்ட வராம இருந்தீங்கன்னாலோதான் ஆபத்து" என்றார் அவர்.

வகுப்பில் முழங்காலை மடக்கிக் குதிகாலில் உட்காரச் சொன்னதும் மற்றவர்கள் முனகினார்கள். கரீம் பாய்க்கு அது தொழுகையில் தினமும் உட்காரும் உட்கார்வுதான். ஆனால் எல்லோரும் வாயைப் பிளந்து, நாக்கை மோவாய் வரை நீட்டி 'ஹா' என்று மூச்சை விட்டபோது, அவர் நாக்கு உதட்டைத் தாண்டவில்லை. இத்தனை சிங்கங்களுக்கு நடுவில் தனக்கு மட்டும் யாரோ வாயைத் தைத்துவிட்ட மாதிரி இருந்தது. அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது சின்னத்தாவின் முகம் கூடவே வந்தது.

ஆனாலும் விடவில்லை. விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் மொட்டை மாடியில் உட்கார்ந்து தினமும் செய்தார். பாக்கு டப்பா பக்கம் கை போகும்போதெல்லாம் கண்ணை மூடி மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விட்டார். கை வெறுமனே திரும்பி வந்தது. டாக்டர் சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்; முடிவு வரும்வரை அவருக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. அந்த மூச்சுதான் அவரைத் தள்ளிக்கொண்டு போனது.

முடிவு வந்தது. புற்று இல்லை. விரலை விட்டுப் பார்த்த டாக்டர், மூன்றாவது விரல் நுனி நுழைவதைக் கண்டு தலையாட்டினார். "இதை விட்டுடாதீங்க. பாக்கை மட்டும் தொடாதீங்க."

கரீம் பாய் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தார். பாக்குச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்த மெஹராஜ் சேதியைக் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவருக்கோ சந்தோஷத்தில் விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது. எதிரே குதிகாலில் உட்கார்ந்து, நாக்கை நீட்டி 'ஹா' என்று ஒரு சிங்கம் காட்டினார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எங்கே, நீயும் ஒருக்கா பண்ணு."

"எனக்கு எதுக்குங்க அதெல்லாம்."

"நம்ம ஊட்டுக்குள்ள யாரு பாக்கறாங்க? பண்ணு மெஹரு."

சிரித்துக்கொண்டே முந்தானையை விலக்கினார். அவள் சிரிக்கவில்லை. கண்ணில் நீர் நின்றது. அவருடைய சிரிப்பும் நின்றது. மெல்ல அவள் மோவாயைப் பிடித்தார். அவள் வாயைத் திறந்தாள். டாக்டர் செய்த மாதிரியே விரலை நிறுத்தி வைத்தார். ஒரு விரல் போனது. இரண்டாவது பல்லில் இடித்து நின்றது.

தயிர்ச் சோறு அவருக்குப் புரிந்தது. இத்தனை நாளும் தனக்காகத்தான் காரத்தை விட்டாள் என்று நம்பிக்கொண்டிருந்த தன்மேல் அவருக்கு ஆத்திரம் பொங்கியது.

"எப்பருந்து?"

"உங்களுக்கு முந்தியே எரிஞ்சுதுங்க. உங்க ரிசல்ட் வரட்டும்னு இருந்தேன். ரெண்டு பேருக்கும் ஒண்ணாச் சொன்னா நீங்க தாங்கமாட்டீங்கன்னு…"

அவள் கன்னத்தின் உள்பக்கம் விரலால் தடவினார். தன் கன்னத்தில் இல்லாத ஒரு சின்னத் தடிப்பு அங்கே விரலில் தட்டியது.

"செருப்பைப் போடு. டாக்டர் இன்னும் இருப்பாரு" என்றார்.

வாசலில் பூட்டைப் போடும்போது சாவி துவாரத்தில் நுழையவில்லை. கண்ணை மூடினார். மூச்சை மெல்ல இழுத்துப் பார்த்தார். தன் உயிருக்குப் பயந்தபோதெல்லாம் சொன்னபடி கேட்ட மூச்சு, இப்போது கேட்கவில்லை.