ஐயர் வீட்டில் இல்லை என்றேன்

நாலு வருடத்துக்கு முன்னால், திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்தில் நாங்கள் இருந்தபோது நடந்தது இது. சித்திரை மாதம், ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டரை மணி. அந்தப் பக்கத்து வெயில் தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு எதுவும் சொல்ல வேண்டாம்.

என் கணவர் பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தவர். அத்தனை வருடமும் நான் அருப்புக்கோட்டையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகக் கிடந்தேன். பென்ஷனோடு வந்ததும் மற்றவர்களைப் போல எங்காவது பாங்கில் காவல் வேலைக்குப் போவார், பாளையம்பட்டியில் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு உட்காரலாம் என்று நினைத்திருந்தேன். வந்த ஆறாம் மாதம் இறையியல் கல்லூரியில் சேரப் போவதாகச் சொன்னார்.

"ஆண்டவர் கூப்புடுறாரு" என்றார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றேன்.

சிரித்துக்கொண்டே பெட்டியைக் கட்டிவிட்டார். நாற்பது வயதுக்கு மேல் பிரஸ்பிட்டேரியன் சபையில் போதகரானார். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்பார்கள். பட்டாளத்துக்காரருக்காவது வருடத்தில் இரண்டு மாதம் லீவு உண்டு. ஐயருக்கு அதுவும் கிடையாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவர் பொறுப்பில் மூன்று ஊர்களில் மூன்று ஆலயங்கள். ஞாயிறு விடியும் முன்பே வண்டியை எடுத்தால் மூன்று ஆராதனையும் முடித்து வர மதியம் தாண்டிவிடும். அந்த வாரம் இரண்டு அடக்கம், ஒரு கல்யாணம், சபை மூப்பர்கள் கூட்டத்தில் ஒரு சண்டை வேறு. வந்தவர் சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வெள்ளை அங்கியைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்தார். உடம்பு லேசாகச் சுட்டது. எனக்கு யார் மேலென்று தெரியாமல் ஒரு கோபம் வந்தது.

அப்போதுதான் வாசலில் ஒருவர் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும், லாரியில் லோடு ஏற்றுகிறவர். எட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊர். கோயிலில் எப்போதாவது பார்த்த முகம்.

"வீட்டுல மேலுக்கு முடியலம்மா. ஐயரவுகளக் கூட்டியாரச் சொன்னா" என்றார்.

எங்கள் ஊர்களில் சளி பிடித்தாலும் மேலுக்கு முடியலதான், உயிர் போகிற நிலைமை என்றாலும் மேலுக்கு முடியலதான். நான் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "ஐயர் அருப்புக்கோட்டைக்குப் போயிருக்காக. சாயங்காலந்தான் வருவாக" என்று சொல்லிவிட்டேன். ஆராதனையில் பத்துக் கட்டளைகளைச் சபையோடு சேர்ந்து சத்தமாகச் சொல்லிவிட்டு வந்த அதே வாயால்தான் சொன்னேன். அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். "சரிங்கம்மா" என்று போய்விட்டார். பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி கதவைச் சாத்திவிட்டு நானும் படுத்தேன்.

ஐந்து மணிக்கு என் கணவர் எழுந்து, ரோட்டோரம் டீ குடிக்கப் போனார். போன வேகத்தில் ஓடி வந்தார். படுக்கையில் கிடப்பவர்களுக்கு அப்பமும் ரசமும் கொண்டுபோகும் நற்கருணைப் பெட்டியை எடுத்துக்கொண்டே, "அந்த ஆளு எத்தன மணிக்கு வந்தாரு?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். டீக்கடைக்கு எதிரே பஸ் நிற்கும் இடத்தில், நிழலே இல்லாத கல்லில், அந்த மனிதர் இரண்டரை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறார். இவரைப் பார்த்ததும் எழுந்து, "போவமாய்யா?" என்று மட்டும் கேட்டாராம்; மனைவிக்கு முடியவில்லை என்று வீட்டுக்கு வந்து திரும்பியதை டீக்கடைக்காரர்தான் சொல்லியிருக்கிறார்.

விளக்கு வைத்தபின் திரும்பி வந்தார். அந்த மனிதரின் மனைவிக்குப் புற்றுநோய். பெரிய ஆஸ்பத்திரியில் கைவிட்டு அனுப்பி ஒரு வாரம் ஆகியிருந்தது. காலையிலிருந்து, ஐயரிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். நாலு மணிக்குப் பேச்சு நின்றுவிட்டது. இவரைப் பார்த்து உதட்டை அசைத்தாளாம், சத்தம் வரவில்லையாம். மறுநாள் விடியலில் போய்விட்டாள்.

என் கணவர் கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "பட்டாளத்துல நாங்க தூங்குறப்ப, எழுப்புறதுக்குன்னே ஒருத்தன் முழிச்சிருப்பான். அவன நம்பித்தான் கண்ண மூடுவோம். இங்க நீ இருக்கேன்னு நெனச்சேன்" என்றார். எழுந்து போய் முகம் கழுவினார்.

பத்து நாள் கழித்து அந்த வீட்டுக்கு ஜெபத்துக்குப் போனபோது நானும் போனேன். அந்த மனிதரைத் தனியாகப் பார்த்து, அன்று ஐயர் வீட்டில்தான் தூங்கிக்கொண்டிருந்தார், நான்தான் பொய் சொன்னேன் என்று சொன்னேன்.

"தெரியும்மா. வண்டி வாசல்ல நின்னுச்சே" என்றார்.

"பெறகு ஏன் வெயில்ல போய் ஒக்காந்தீக?" என்று கேட்டேன்.

"அவுகளும் பாவம், அலுத்துப் படுத்திருப்பாக. நீங்க இல்லைன்னு சொன்ன பெறகு மறுபடி வந்து கதவத் தட்ட எனக்கு மனசு வரல. முழிச்சா டீக்கடைப் பக்கம் வருவாகன்னு ஒக்காந்துட்டேன்." பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "எங்கிட்டச் சொல்ல மாட்டேன்னுட்டா, ஐயரவுககிட்டத்தான் சொல்லணும்னா. அவ வாயசைச்சது அவுகளுக்கு ஏதும் வெளங்குச்சாம்மா? ஒங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாகளா?"

இல்லை என்று தலையாட்டினேன். அன்று உண்மையைச் சொல்வது, பொய் சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு ஊர் மாறிவிட்டோம். என் கணவருக்கும் வயதாகிறது, முழங்கால் வலி வேறு, படுத்தால் அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறார். இப்போதும் வேளை கெட்ட வேளையில் ஆட்கள் வருகிறார்கள். பாதிப் பேர் வருவது வரப்புச் சண்டைக்கும் சர்டிபிகேட்டுக்கும்தான். யார் வந்தாலும் உள்ளே போய் அவர் தோளைத் தொட்டு எழுப்பிவிடுகிறேன். எழுப்பும்போதெல்லாம் அவர் மேல் இரக்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் மனைவி கடைசியாக என்ன சொல்ல நினைத்தாள் என்று தெரியாமலே அந்த மனிதர் மிச்ச நாளைக் கழிக்கிறார் என்று நினைக்கும்போது, எழுப்பாமல் இருக்க எனக்குத் தைரியம் வருவதில்லை.