கேக்கின் மேல் ஒரு மெழுகுவத்தி

செவ்வாய்க்கிழமை மாலை 6.05. மளிகைக் கடையில் கொத்தமல்லிக் கட்டுகளின் மேல் குழாயிலிருந்து தானாகத் தண்ணீர் தூவிக்கொண்டிருந்தது. நான் அமெரிக்கா வந்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. ஆடை இறக்குமதி நிறுவனத்தில் வேலைக்காக ஐந்து மாதம் முன்பே வந்திருந்த மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம்.

"நம்மூர்ல கடைக்காரன் கையில தெளிக்கறான், இங்க மிசின் தெளிக்குது" என்றாள். "ரெண்டும் எடை கூட்டத்தானுங்க."

நான் சிரித்துக்கொண்டே போனை எடுத்தேன். அண்ணன். திருப்பூர் பக்கம் மங்கலம் என்ற ஊரில் எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டி விசைத்தறிக் கூடம் இருக்கிறது. எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் பேச்சுக்குப் பின்னால் தறி ஓடும். அன்று ஓடவில்லை. வீதியில் சாவு விழுந்தால்தான் தறியை நிறுத்துவார்கள்.

"தம்பி, அம்மா போயிட்டாங்கப்பா."

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். திருப்பூரில் பதினோரு வருடம் பத்திரிகையில் இருந்தவன். மரணச் செய்தி வந்தால் முதலில் நேரத்தைத்தான் கேட்போம்.

"இப்பத்தான், வெடிகாலம் மூணு மணிக்கு. தண்ணி கேட்டாங்க, குடுத்தேன். ரெண்டு வாய்தான் குடிச்சாங்க." பிறகு விஷயத்துக்கு வந்தார். "அம்மாவுக்குக் கடைசிப் பையன்தான் கொள்ளி வெக்கோணும்னு பெரியவங்க சொல்றாங்க. நீ வர்றதுன்னா ஐஸ் பெட்டியில வெச்சிருக்கலாம். இல்லீன்னா இன்னைக்குச் சாயந்தரமே எடுத்தரலாம். விடியறதுக்குள்ள சொல்லு. சொந்தக்காரங்களுக்கு நேரம் சொல்லோணும்."

தள்ளுவண்டியில் அரிசி, பருப்பு, எண்ணெய், பால், தக்காளி என்று பதினாறு சாமான்கள் இருந்தன. மனைவி ஒவ்வொன்றாக எடுத்து, எந்தத் தட்டிலிருந்து வந்ததோ அதே இடத்தில் திரும்ப வைத்தாள். கடைப் பணியாளர் ஒருவர் வந்து, பொருளில் ஏதாவது குறையா என்று கேட்டார்.

"குறை இல்லைங்க. இன்னைக்கு எங்க வீட்டுல அடுப்பு இல்லை" என்று இங்கிலீஷில் சொன்னாள்.

அடுப்பு பழுதென்று நினைத்து, பழுது பார்ப்பவரின் எண் வேண்டுமா என்றார் அவர்.

சாவு விழுந்த வீட்டில் உடலை எடுக்கும்வரை அடுப்புப் பற்றவைக்க மாட்டோம். ஊரில் என்றால் மாமன் மச்சான் வீடுகளிலிருந்து தூக்குப் போசியில் சோறும் ரசமும் வந்திருக்கும். இங்கே யாரையும் தெரியாது. நான் பட்டினி கிடக்கலாம், அவள் கிடக்கக் கூடாது. கடைக்கு எதிரே ஒரு உணவகம் இருந்தது. நடந்தோம்.

உட்கார்ந்ததும் பரிமாறும் பெண் வந்து ஏதோ உற்சாகமாகக் கேட்டாள். அவள் பேசிய வேகத்தில் எனக்குப் பாதிதான் புரிந்தது. எதற்கும் 'யெஸ்' என்றால் அடுத்த கேள்வி வராது என்று இருபத்திரண்டு நாளில் பழகியிருந்தேன். சொன்னேன்.

மனைவிக்கு பீன்ஸ் சூப்பும் வேகவைத்த உருளைக்கிழங்கும் வந்தன. எனக்கு ஐஸ் மிதக்கும் தண்ணீர் போதும் என்றேன்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் இருந்துக்குவனுங்க" என்றாள். "நீங்க வர்றதுக்கு முன்னால தனியா இருக்கலையா?"

"அப்ப காலு வீங்கலையே."

அவள் மேசைக்கு அடியில் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டாள். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, தனியாக விடக் கூடாது என்று டாக்டர் சொல்லி ஐந்து நாள்தான் ஆகியிருந்தது.

"பெத்த தாய்ங்க. நாளைக்கு என்னையத்தான் சொல்லுவாங்க."

அவள் பாதி உருளைக்கிழங்கைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினாள். சாப்பிடச் சொன்னேன். சாப்பிட்டாள்.

அப்போது அந்தப் பெண் ஒரு துண்டு கேக்கோடு வந்தாள். மேலே ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. மனைவியின் வயிற்றைப் பார்த்து, வாழ்த்துகள் என்றாள். பக்கத்து மேசையில் இரண்டு பேர் கைதட்டினார்கள். இன்றைக்கு ஏதாவது கொண்டாட்டமா என்றுதான் முதலில் கேட்டிருக்கிறாள். நான்தான் யெஸ் சொல்லியிருக்கிறேன்.

ஊதி அணைத்தால் இடத்தைவிட்டுப் போய்விடுவாள் என்று குனிந்தேன். மனைவி என் கையைப் பிடித்தாள்.

"ஊதாதீங்க. அங்க தலமாட்டுல வெளக்கு ஏத்தி வெச்சிருப்பாங்க."

மெழுகு உருகிக் கேக்கின் மேல் சொட்டியது. பரிமாறும் பெண் திரும்பி வந்து பார்த்தாள். ஊதுமுன் மனதுக்குள் எதையாவது வேண்டிக்கொள்வது அவர்கள் வழக்கம். "பெரிய வேண்டுதல் போலிருக்கிறதே, இவ்வளவு நேரம் பிடிக்கிறது!" என்று சிரித்தாள். மனைவியும் பதிலுக்குச் சிரித்தாள். திரி தானாக அணைய ஏழு நிமிடம் ஆனது.

7.40க்கு அண்ணன் மறுபடி கூப்பிட்டார். பின்னால் ஒப்பாரி கேட்டது.

"என்ன கண்ணு பண்ணலாம்?"

மனைவி என் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்துருங்கண்ணா" என்றேன்.

அவர் 'சரிப்பா' என்றார். பிறகு, "நீ ஒண்ணும் நெனைச்சுக்காத. அவளைப் பாத்துக்க" என்றார்.

கேக்கைத் தொடாமல் எழுந்தோம்.

மறுநாள், எங்களுக்குக் காலை 6.40, மங்கலத்தில் மாலை 4.10. அண்ணன் கொள்ளி வைத்தார்.