மூன்றாவது ஸ்லைடு

நம்ப மறுப்பவர்கள் மறுக்கட்டும். 1982 ஆனி மாதம், உத்திரமேரூர் ஏரிக்கு அப்பால் ஓர் அறக்கட்டளை நடத்திய வெறிநாய்க்கடி ஆய்வுக்கூடத்தில், பட்டப்பகலில் நடந்தது இது. பார்த்தவள் தேவகி. அங்கே டெக்னீஷியன்.

அன்று காலை சாலவாக்கத்துக் கன்னியப்பன் வந்து நின்றான். முந்தின நாள்தான் அவன் மனைவி கனகா செத்திருந்தாள். தண்ணீரைக் கண்டாலே தொண்டை இழுத்து, நுரை தள்ளி. ஒரு மாதத்துக்கு முன் அவளைக் கடித்த நாய்தான் மகள் அம்முலுவையும் கடித்திருந்தது.

"புள்ள வெளிய குந்திகினு கீது சார். அதுக்காவது ஊசி போடுங்க."

ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் ராஜாராம் தலை நிமிரவில்லை. "உன் நாய் மூளைய அப்பவே டெஸ்ட் பண்ணியாச்சு. வெறி இல்ல. உன் பொண்டாட்டி பயத்துல செத்தா."

"கடிச்ச நாயி ஓடிப்பூட்ச்சி சார்! தல கொண்டாந்தாத்தான் ஊசின்னீங்க. கைக்கு ஆப்ட்ட வேற நாய அடிச்சி, தலய ஐஸ்ல வச்சி எடுத்தாந்தோம்."

"பொய் சொன்னவனுக்கு ஊசி வேறயா? போய்யா."

தேவகிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "குழந்த சார் அது!"

"ரிப்போர்ட் மாறினா வாம்மா."

அந்த நாய்க்கும் வெறி இருந்துவிடாதா என்று, ஐஸ்பெட்டியில் உறைந்து கிடந்த அதன் மூளையில் இரண்டு ஸ்லைடு எடுத்தாள். எதிர்ப்பொருள் கலந்த சாயத்தை ஊற்றினாள். வெறிநோய்க் கிருமி இருந்தால் சாயம் அதைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். இருட்டறை மைக்ரோஸ்கோப்பில் பச்சையாக ஒளிரும்.

மதியம் 2.40. இருட்டறைக் கதவைச் சாத்தினாள்.

முதல் ஸ்லைடு. கருப்பு.

இரண்டாவது. கருப்பு.

ஆத்திரத்தில் மேஜையைக் குத்தினாள்.

க்ளக்...

பின்னால். வறண்ட தொண்டை ஒன்று எச்சில் விழுங்கப் பார்ப்பதுபோல்.

க்ளக்... க்ளக்...

"யாரு?"

மேஜைமேல் இருந்த தண்ணீர் டம்ளர் நகர்ந்தது. யாரோ வெறுத்துத் தள்ளியதுபோல். விழுந்தது.

2.47.

தட்டில் மூன்று ஸ்லைடு.

அவள் வைத்தது இரண்டு.

மூன்றாவதை எடுத்தாள். வைத்தாள். பார்த்தாள்.

பச்சை...

எங்கும் பச்சை.

ராஜாராமைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். பார்த்தவர் முகம் வெளுத்தது.

"இது எப்படி..."

"மொதல்ல கையெழுத்துப் போடுங்க."

போட்டார். அன்று மாலையே அம்முலு வயிற்றில் முதல் ஊசி. பதினான்கையும் போட்டார்கள். பிழைத்தாள்.

ராஜாராம் விடவில்லை. தேவகி செய்தது பித்தலாட்டம் என்று நிரூபித்து அவளை வேலையைவிட்டுத் துரத்த, அந்த மூன்றாவது ஸ்லைடைச் சென்னை ஆய்வகத்துக்கு அனுப்பினார். நாற்பதாம் நாள் பதில் வந்தது.

வெறிநோய் உறுதி. ஆனால் இது நாயின் மூளை அல்ல. மனித மூளை.

கனகாவின் உடம்பில் யாரும் கத்தி வைக்கவில்லை. செத்த அன்று சாயங்காலமே, முழுசாக எரித்திருந்தார்கள்.