கப்பல் வந்தால் ஒரு வயது

போன வாரம் பேப்பரில் ஒரு செய்தி. எங்கோ வெகு தூரத்தில் ஒரு நட்சத்திரத்தை ஒட்டினாற்போல் ஒரு கோள் சுற்றுகிறதாம். பாறைக் கோள், நம் பூமியைவிடப் பெரியது. அவ்வளவு கிட்டத்தில் ஓடுவதால் ஒரு சுற்றைச் சில நாட்களிலேயே முடித்துவிடுகிறதாம். அங்கே ஒரு வருஷம் என்பது அவ்வளவுதான்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இத்தனை கிட்டப் போனால் உள்ளே விழுந்துவிடாதா என்றுதான் முதலில் தோன்றியது. எனக்கு எதிலும் பயம்தான் முதலில் வரும். இரண்டாம் முறை படிக்கும்போது, சில நாட்களுக்கு ஒரு வருஷம் என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. அப்படி வளர்ந்த ஒருத்தியை எனக்குத் தெரியும். என் மூத்த மகள்.

அறுபதுகளில் அந்தமானில், போர்ட் பிளேரில் பத்துபஸ்தி என்ற பகுதியில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ரோடு போடும் இலாகாவில் வேலை. மெட்ராஸ் கப்பல் வந்தால்தான் அபர்டீன் பஜாரில் வெங்காயம், உருளைக்கிழங்கு, ரவை எல்லாம் கண்ணில் படும். கப்பல் வந்த சாயங்காலம் நான் கேசரி கிளறுவது வழக்கம். மகளுடைய மூன்றாவது பிறந்தநாள் அப்படி ஒரு கப்பல் நாளிலேயே விழுந்தது. கேசரியைக் கையில் கொடுத்து, "இன்னைக்கு உனக்கு மூணு வயசு" என்றேன். அடுத்த கப்பலுக்குக் கேசரி கிளறியபோது தட்டோடு வந்து நின்றாள்.

"இப்ப நாலா?"

நான் திருத்தப் போனேன். அவர் விடவில்லை. "பின்னே? கப்பல் வந்துச்சுல்ல. நாலுதான்" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து ஒவ்வொரு கப்பலுக்கும் அவளுக்கு ஒரு வயது ஏறியது. துறைமுகத்திலிருந்து சங்கு கேட்டால் பக்கத்து வீட்டு வங்காளி தீதி ஜன்னலைத் திறந்து, "ஜஹாஜ் ஆ கயா, அப் கித்னா?" என்று கத்துவாள்; கப்பல் வந்தாச்சு, இப்ப எத்தனை வயசு என்று இந்தியில். இவள் "பாரா" என்று பன்னிரண்டைச் சொல்வாள்.

அவளால் ஓட முடியாது. நாலு எட்டு வைத்தால் குந்திவிடுவாள், உதடு நீலம் பாரித்துவிடும். மேட்டில் ஏறும்போது அவர் தோளில் தூக்கிக்கொள்வார்.

"பதினெட்டு வயசுப் பொண்ணு அப்பன் தோள்ல வரலாமா? மாப்பிள்ளை பாத்துட வேண்டியதுதான்" என்பார்.

"எனக்கு வேணாம். அம்மாவுக்குப் பாரு."

"அவளுக்கு ஏற்கெனவே ஒருத்தன் மாட்டிக்கிட்டான்மா."

கடைசியில் ஒரு கப்பலுக்கு என் வயதையும் தாண்டினாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் விளக்கேற்ற மறந்தாலும், எதற்காவது மூக்கை உறிஞ்சினாலும், இடுப்பில் கை வைத்துக்கொண்டு வருவாள். "நீ அழக் கூடாது. நான்தான் பெரியவ, நான் பாத்துக்கறேன்."

அந்த மழைக்காலத்தில் மூச்சு வாங்குவது அதிகமாயிற்று. ஆஸ்பத்திரியில் டாக்டர், இதயத்தில் ஓட்டை இருக்கிறது, இங்கே ஒன்றும் செய்ய முடியாது, மெட்ராசுக்குக் கொண்டு போங்கள் என்றார். அடுத்த கப்பல் திரும்பும்போது பங்க் கிளாசில் எங்கள் மூன்று பேருக்கும் இடம் கிடைத்தது. நான் பயப்பட ஆரம்பித்தேன். அலையில் குழந்தைக்கு வாந்தி வந்தால்? நடுக்கடலில் மூச்சு நின்றுவிட்டால் யாரைக் கூப்பிடுவது? எலுமிச்சம்பழம், கம்பளி, பழந்துணி என்று மூட்டையைக் கட்டிக் கட்டி அவிழ்த்தேன். கப்பல் வராமல் போகும் என்று மட்டும் எனக்குத் தோன்றவேயில்லை.

வங்கக் கடலில் புயல். கப்பலை மெட்ராசிலேயே நிறுத்தி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அவர் தினமும் வேலை முடிந்து துறைமுகத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு நனைந்துகொண்டே வருவார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் பாயில் படுத்தபடியே கேட்பாள்.

"கப்பல் வந்துச்சாப்பா?"

"கிளம்பிடுச்சும்மா. வழியில இருக்கு."

கிளம்பவில்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கு ஆஸ்பத்திரியும் தெரியாது, ஆபரேஷனும் தெரியாது. இருபத்தாறுக்கு அடுத்த வயசு எப்போது என்பதுதான் அவள் கவலை. நான் சுவர்ப்பக்கம் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். அவளுக்குப் பேச மூச்சு போதவில்லை. கையை மட்டும் நீட்டி என் புடவையைப் பிடித்து இழுத்தாள். பெரியவள் அல்லவா.

மழை விட்ட ஒரு காலையில், என் மடியிலேயே போய்விட்டாள். ஊர் உலகத்தின் கணக்கில் அவளுக்கு ஐந்து நிறையவில்லை.

பேப்பரில் போட்டிருக்கும் அந்தக் கோள் ஒரு நாளும் தாமதிப்பதில்லையாம். அதை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். அதற்குப் புயல் கிடையாது போலிருக்கிறது.

அவளை அடக்கம் செய்த மூன்றாம் நாள் துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதியது. நான் அடுக்களையில் இருந்தேன். பயணத்துக்குக் கட்டிய மூட்டை அவிழ்க்காமல் மூலையிலேயே கிடந்தது. தீதி வீட்டு ஜன்னல் திறந்திருந்தது, சங்குச் சத்தம் கேட்டதும் மெதுவாகச் சாத்திக்கொண்டது. அவர் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். செம்பைக் கீழே வைத்துவிட்டு, யாரிடமும் இல்லாமல் சொன்னார்.

"இருபத்தேழு."

ரவை டப்பாவை எடுத்துப் பரணில் வைத்தேன். அதன் பிறகு அந்தக் கணக்கை நாங்கள் பேசியதில்லை.