என் தம்பி வெட்டி ஒட்டிய படம்

அப்புனு,

உன்னை எழுத்தில் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. வாயால் கூப்பிட்டால் எங்கே இருந்தாலும் "வாரேனக்கா" என்பாய். காகிதத்தில் கூப்பிட்டால் கேட்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

வாசகசாலை நண்பர்களே, உங்களுக்கு மயில்சாமியாக இருந்தவன் எனக்கு அப்புனு. அவன் நினைவாக ஒரு கையெழுத்துப் புத்தகம் சேர்க்கிறோம், அக்காளும் எழுத வேண்டும் என்று சொல்லி அனுப்பினீர்கள். நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் போனவள் அல்ல. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

சேதி வந்தபோது நான் பொள்ளாச்சிக்குத் தெற்கே என் மாமனார் ஊரில் இருந்தேன். காலை பஸ்ஸில் பங்காளி வீட்டுக்காரர் ஒருவர் வந்து வாசலிலேயே நின்றார். சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கையை நீட்டவில்லை. "மொதல்ல நீங்க உக்காருங்கம்மணி" என்றார். தம்பிக்குக் காய்ச்சல் இறங்கி வருகிறது என்று முந்தின வாரம்தான் கார்டு வந்திருந்தது. அந்தக் கார்டு இன்னும் அடுப்படி மாடத்தில் இருந்தது.

உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அவன் முகம்கூட எனக்கு நினைவுக்கு வரவில்லை. ஒரு படம்தான் வந்தது. நான்தான் கொன்றேனோ என்ற பயம் அன்றைக்கு உள்ளே வந்தது. இன்னும் போகவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பருத்தி அரவை ஆலையில் அவன் எடைக் குமாஸ்தா. வேலை அது என்றாலும் மனம் முழுக்கப் படப்பெட்டியில்தான் இருந்தது. வால்பாறை எஸ்டேட்டிலிருந்து சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் சாமான்களோடு ஏலத்துக்கு வந்த பெட்டி அது. மற்றவர்கள் படம் பிடித்துச் சட்டம் போடுவார்கள். இவன் பிடித்த படத்தை வெட்டுவான். ஒரு படத்தில் இருந்த ஆளை இன்னொரு படத்தில் இருந்த இடத்தில் ஒட்டுவான். ஒட்டியதை மறுபடியும் படம் பிடிப்பான். ஆலைப் புகைபோக்கியின் உச்சியில் மாட்டுவண்டி நிற்கிற படம் உங்கள் வாசகசாலைச் சுவரிலேயே தொங்குகிறது. வண்டியோட்டி வெற்றிலை போட்டுக்கொண்டு கவலையில்லாமல் இருப்பார்.

எங்கள் பெரியப்பாவை அவன் இரண்டாக்கிய கதை ஊருக்கே தெரியும். பெரியப்பாவைத் தாயக்கட்டத்துக்கு இந்தப் பக்கம் உட்காரவைத்து, பெட்டியின் கண்ணாடியில் பாதியை அட்டையால் மறைத்துப் பிடித்தான். பிறகு அந்தப் பக்கம் உட்காரவைத்து மறுபாதியைப் பிடித்தான். படத்தில் பெரியப்பாவும் பெரியப்பாவும் எதிரெதிராக உட்கார்ந்து தாயம் ஆடினார்கள்.

"ஏண்டா மயிலா, இதுல நான் எவன்டா?"

"ரெண்டும் நீங்கதானுங் பெரியப்பா."

"அப்ப செயிச்சவன் எவன்?"

"அத நீங்கதானுங்க சொல்லோணும்."

எல்லாரும் சிரித்தோம். பெரியப்பாவும் சிரித்தார். சாயங்காலம் மாரியம்மன் கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டு வந்து, "உசுரக் கூறு போடற சாமானத்த ஊட்டுல வெச்சிருக்கறீங்க" என்று எங்கள் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அதற்கும் சிரித்தோம். அப்போது எனக்குப் பயம் இல்லை.

அவன் வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். மாவுப் பசையில் பூச்சி பிடிக்காமல் இருக்கத் துளி மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவான். நுனி மெலிந்த கத்திரி ஒன்று வைத்திருந்தான். அதை யாரும் தொடக்கூடாது. "மூஞ்சிய எல்லாரும் பாப்பாங்கக்கா. ஓரத்தப் பாக்கோணும். பொய்யி ஓரத்துலதான் இருக்கும்" என்பான். இன்னொன்றும் சொல்வான்: "ரெண்டு பேத்து மேலயும் வெயிலு ஒரே பக்கமிருந்து விழோணும். ஆளு மாறுனாலும் வெயிலு மாறக்கூடாது." வெயில் ஒத்துவரவில்லை என்று எத்தனையோ படங்களை அவன் அடுப்பில் போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி அவன் கல்யாணத்தைச் சொல்ல வேண்டும்.

உங்களில் எங்கள் வழக்கம் தெரியாதவர்களும் இருப்பீர்கள். எங்களில் மாப்பிள்ளைக்கு அவனுடைய உடன்பிறந்தவள் இணைச்சீர் செய்ய வேண்டும். அவளும் கல்யாணப் பெண்ணைப் போலவே உடுத்திப் பூ வைத்துக்கொண்டு அவனோடு சேர்ந்து நிற்பாள். கூரைப்புடவையின் ஒரு நுனி அவன் கக்கத்தில் இருக்கும், மறு நுனி அவள் கையில். புருஷனைப் பறிகொடுத்தவள் அந்த நுனியைத் தொடக்கூடாது. அப்புனு கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முன்னால்தான் நான் பறிகொடுத்திருந்தேன். கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான்.

சித்தப்பா மகள் கண்ணம்மா எனக்குப் பதிலாக நின்றாள். நான் காய்கறி வைத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சீர் நடத்துகிற அருமைக்காரர், "சீர்க்காரி வாங்கம்மணி" என்று கூப்பிட்டது கேட்டது. அதற்குமேல் என் தம்பியின் குரல் கேட்டது.

"எங்கக்கா எங்கீங்க?"

எங்கள் அப்பா, "பேசாத நில்லு சாமி, நேரமாவுது" என்றார். அவன் வந்து கதவைத் திறந்துவிடுவானோ என்று நான் உள்தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் வரவில்லை. தாலி கட்டின பிறகு டவுனிலிருந்து வந்த படக்காரர் ஒரே ஒரு படம் எடுத்தார். பெண், மாப்பிள்ளை, கண்ணம்மா, பெரியவர்கள். அந்தப் படம் நெடுநாள் அவன் வீட்டு முன்னறையில் தொங்கியது.

இரண்டு வருஷம் கழித்துப் பொங்கலுக்குப் போயிருந்தேன். பட்டிப்பொங்கல் அன்று, எல்லாரும் மாடுகளோடு இருந்த நேரம், அவன் ஓர் அட்டையை வேட்டித் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். பிரித்தேன். அவன் மாலையோடு நிற்கிறான். பக்கத்தில் ஒருத்தி நிற்கிறாள். தலை நிறையப் பூ, நெற்றியில் பொட்டு, கையில் கூரைப்புடவை நுனி. அந்த நுனியை மட்டும் மசியால் வரைந்து சேர்த்திருந்தான்.

"யாருடா இது?"

"தெரியலீயாக்கா? நீதான். உன்ற கண்ணாலப் படத்துல இருந்து எடுத்தேன். எனக்குச் சீரு செய்யற."

அட்டையைக் கவிழ்த்துப்போட்டேன். "கிழிச்சுப்போடு."

"நல்லா இல்லியா? ஓரந்தெரியுதா?"

"ஓரமாவது ஒண்ணாவது. வள்ளியாத்தா கழுத்துல இருக்கறது நெலைக்கோணுமா வேண்டாமா?"

வள்ளியாத்தாள் அவன் மனைவி. அவன் சிரிக்கப் போனான், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். "வெறும் காகிதந்தானக்கா. காகிதம் யாரை என்ன பண்ணிப்போடும்?" என்றான்.

நான் கேட்கவில்லை. அட்டையையும் எரிக்க வேண்டும், அதைப் படம் பிடித்த கண்ணாடித் தகட்டையும் உடைக்க வேண்டும் என்று என் தலையில் அவன் கையை வைத்துச் சத்தியம் வாங்கினேன். அன்று சாயங்காலம் அடுப்புச் சாம்பலில் அட்டைத் துண்டு கிடந்தது. சரி, தகடும் போயிருக்கும் என்று இருந்துவிட்டேன். ஆனாலும் அவனுக்கு ஒரு சளி என்றால் எனக்குச் சோறு இறங்காது. மறு வருஷம் பெண் குழந்தை பிறந்தபோதுதான் மூச்சு விட்டேன். முன்னறைச் சுவரில் கல்யாணப் படத்தைக் காணோம் என்று கேட்டதற்கு, "செல்லரிச்சுப்போச்சக்கா" என்றான். அதையும் நம்பினேன்.

அவனை எடுத்துக் காடு சேர்த்து மூன்றாம் நாள், வள்ளியாத்தாள் வெள்ளைச் சேலையோடு வந்து என் முன்னால் நின்றாள். "அவரு படம் ஒண்ணு வேணுமுங்க நங்கையா. பாப்பாளுக்கு மூஞ்சி மறந்துபோயிருமுங்க" என்றாள். புருஷனுடைய அக்காளை எங்கள் பக்கம் நங்கையா என்போம். வீட்டில் தேடினால் அவன் பிடித்த படங்கள்தான் கட்டுக்கட்டாக இருந்தன. பிடித்தவன் ஒன்றிலும் இல்லை. பெரியப்பா பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு, "என்னைய ரெண்டா ஆக்குனவன், தன்னைய ஒண்ணாக்கூட வெச்சுட்டுப் போகலயே" என்றார். அன்றைக்குத்தான் நான் முதலில் அழுதேன்.

மறுநாள் காலை, வள்ளியாத்தாள் குழந்தையைக் குளிப்பாட்டக் கிணற்றடிக்குப் போன நேரத்தில் அவன் தகரப் பெட்டியைத் திறந்தேன். படம் கிடைக்க வேண்டும் என்று திறந்ததாகத்தான் என்னிடமே சொல்லிக்கொண்டேன். அந்தத் தகடு அங்கே இருக்கக் கூடாதே என்பதுதான் உள்ளே இருந்த வேண்டுதல். ஒவ்வொரு தகடாக எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். தகட்டில் எல்லாம் மாறித் தெரியும். கறுப்பு வெளுப்பாகும், வெளுப்பு கறுப்பாகும். மாடுகள், ஆலை, யார் யாரோ.

பெட்டியின் அடியில், அவன் துண்டில் சுற்றி அந்தத் தகடு இருந்தது. சத்தியம் பண்ணியவன் உடைக்கவில்லை. ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். அவன் முகம் கரியாக இருந்தது. கட்டியிருந்த வெள்ளை வேட்டி கரியாக இருந்தது. என் சிவப்புப் புடவையோ வெள்ளையாகத் தெரிந்தது. தகட்டுக்குள்ளேயும் நான் வெள்ளைச் சேலையோடுதான் நின்று அந்த நுனியைப் பிடித்திருந்தேன்.

துண்டுக்குள் இன்னொன்றும் இருந்தது. அந்தக் கல்யாணப் படம். செல் அரிக்கவில்லை. கண்ணம்மா இருந்தாள், அப்பா இருந்தார், வள்ளியாத்தாள் மாலையோடு தலை குனிந்து நின்றாள். அவள் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் ஓட்டை. தோள், கை, தலைப்பாகை எல்லாம் அச்சாக வெட்டிய ஓட்டை. ஓரம் அவ்வளவு சுத்தமாக இருந்தது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. திரும்பினால் வள்ளியாத்தாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கினாள். ஓட்டையின் ஓரத்தை விரலால் தடவினாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன்.

"என்னையக் கேட்டுப்போட்டுத்தானுங்க வெட்டுனாரு" என்றாள்.

"உன்னையக் கேட்டா?"

"அக்கா நிக்காத சீரு அரைச்சீருன்னு மூணு நாளாச் சோறு திங்காமக் கெடந்தாருங்க. போனாப் போவுது, எடுத்துக்குங்கன்னேன். நாந்தானுங்க பசை காச்சிக் குடுத்தேன்." குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "எம்பக்கத்துல இருந்து எடுக்கறாருன்னு அப்பத் தோணலீங் நங்கையா. இப்பத் தோணுதுங்க. கண்ண மூடுனாத் தோணுது."

அப்போதுதான் தெரிந்தது, இந்த வீட்டில் பயந்துகொண்டிருப்பவள் நான் ஒருத்தி அல்ல என்று. அது எனக்கு ஆறுதலாக இல்லை. இரண்டு பேர் பயந்தால் அது உண்மைதானோ என்று பயம் கூடியது.

"இதை ஒடச்சுப்போடறேன் அம்மணி" என்று தகட்டை ஓங்கினேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அதுலதானுங்க அவரு முழுசா இருக்கறாரு."

"அப்படீன்னா காகிதத்துல எடுத்துப்போட்டு என்னைய வெட்டி எறிஞ்சுபோடலாம். அவன் மட்டும் போதும்."

"வேண்டாமுங்க" என்றாள். "இன்னொருக்கா வெட்ட வேண்டாமுங்க."

நண்பர்களே, புத்தகத்தின் முதல் பக்கத்துக்கு அவன் படம் கேட்டிருந்தீர்கள். வேறு படம் இல்லை. தகட்டை அவன் துண்டிலேயே சுற்றி இந்த எழுத்தோடு கொடுத்தனுப்புகிறேன். வள்ளியாத்தாள் சொன்னபடி முழுசாகவே போடுங்கள். ஒரு படி அவளுக்கும் வேண்டும். பூவும் பொட்டுமாக நிற்கிறவள் யார் என்று பெரியவர்கள் கேட்பார்கள். நான்தான் என்று சொல்லுங்கள். அந்தப் பேச்சுக்கெல்லாம் இப்போது எனக்குப் பயமில்லை. பயம் வேறு இடத்தில் இருக்கிறது.

அவனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது கத்திரி ஒன்றுதான். அதில் நூல்கூட வெட்டுவதில்லை. அவன் சொன்ன இரண்டு பேச்சும் என்னிடம் இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு, தகட்டைக் கட்டுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை பார்த்தேன். ஓரத்தில் பொய் தெரியவில்லை. வெயில்தான் ஒத்துவரவில்லை. என் மேல் ஒரு பக்கமிருந்து விழுகிறது, அவன் மேல் மறு பக்கமிருந்து. இதற்குக் குறைந்த குற்றத்துக்கெல்லாம் படங்களை அடுப்பில் போட்டவன் இதை மட்டும் வைத்துக்கொண்டான். ஒருவேளை, பார்க்கிற சாமிக்கு இது நடக்காத சீர் என்று தெரியட்டும் என்று விட்டிருப்பானோ என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொள்கிறேன். பகலில் கொஞ்சம் தேறுகிறது.

நாளைக்கு உன் நண்பர்கள் படம் எடுக்கத் தகட்டைக் காகிதத்தின் மேல் வைத்து வெயிலில் காட்டுவார்கள், அப்புனு. கறுப்பு முதலில் வரும், வெளுப்பு கடைசியில் வரும் என்று நீ சொல்லியிருக்கிறாய். அப்படியென்றால் என் புடவைதான் முதலில் வரும். அப்புறம் என் பொட்டு, அதற்கும் அப்புறம்தான் உன் முகம். பக்கத்தில் நின்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

வெறும் காகிதந்தானக்கா என்று அன்றைக்குச் சொன்னாயே. காகிதந்தானா, சாமி?